ஆறு பாட்டு பதிஞ்சாச்சு, டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேக்குது: மிக்ஸ்ல சரி பண்ணலாமா, திரும்பப் பதியணுமா?

நாலுதந்தி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சுக்கிட்டிருந்தவன், முதல் தடவையா இழை தொடங்குறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

நாங்க நாலு பேர். டிரம்ஸ், பேஸ் (நான்), கிட்டார், பாட்டு. லேபிள் கிடையாது, மேனேஜர் கிடையாது, சவுண்ட் தெரிஞ்ச ஆளும் கிடையாது. அதனால அந்த வேலை என் தலையில விழுந்துச்சு. பயிற்சி பண்ற ரூம்லயே ஆறு பாட்டு பதிஞ்சோம். ரூம் 3 மீட்டருக்கு 4 மீட்டர். டிரம்ஸுக்கு நாலு மைக்: கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்), ஸ்நேர் (நடுவுல குச்சியால அடிக்கிற சின்ன டிரம்), மொத்த செட்டுக்கும் மேல ரெண்டு ஓவர்ஹெட். பேஸ் நேரா டிஐ (ஆம்ப், மைக் இல்லாம கேபிள் வழியா). கிட்டார் ஆம்ப் முன்னாடி ஒரு எஸ்எம்57 மைக். பாட்டு மட்டும் பிற்பாடு, பாடகி வீட்டு பெட்ரூம்ல ஒரு கண்டென்ஸர் மைக் வச்சு.

மூணு வாரமா அதே ரூம்ல ஸ்பீக்கர் வச்சு மிக்ஸ் பண்றேன். ரூம்ல கேட்டா பரவாயில்ல. ஃபோன்ல ஸ்நேர் காணாமப் போயிடுது. கார்ல பேஸ் குமுறுது, வரி ஒண்ணும் புரியல. இன்னொண்ணு கவனிச்சேன்: ஸ்நேர் மைக்கை மட்டும் தனியா கேட்டா கெத்தா இருக்கு. ஓவர்ஹெட் ஃபேடரை ஏத்த ஏத்த அது மெலிஞ்சுக்கிட்டே போகுது. ஈக்யூல (கீழ் மேல் சத்தத்தைத் தனித்தனியா ஏத்தி இறக்குறது) ஏத்திப் பார்த்தேன், கம்ப்ரெஸருக்கு (சத்தத்தோட ஏற்ற இறக்கத்தை நசுக்குறது) மேல கம்ப்ரெஸர் அடுக்கிப் பார்த்தேன், ம்ஹூம்.

அடுத்த மாசம் வெளியிட்டே ஆகணும்னு பசங்க குதிக்கிறாங்க. மாஸ்டரிங்குக்குக் (மிக்ஸ் முடிஞ்சு கடைசி மெருகு) குடுத்தா இதெல்லாம் சரியாயிடுமா? இல்ல முதல்லேர்ந்தா? வெளியிட்டா யாரு கேக்கப்போறாங்கங்கிறது அடுத்த கவலை. அதையும் இங்கயே கேட்டு வச்சுடறேன்.

கேபிள்சுருட்டி

ஓவர்ஹெட்டை ஏத்தினா ஸ்நேர் மெலியுதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. விடை அதுலயே இருக்கு. ஈக்யூ எல்லாம் கழட்டி வைங்க. இது ஃபேஸ்.

ஒரே அடி ரெண்டு மைக்குல ரெண்டு நேரத்துல விழுது. சத்தம் ஒரு மில்லி செகண்டுல சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஸ்நேர் மைக் தோல்லேர்ந்து 4 சென்டிமீட்டர், ஓவர்ஹெட் 90 சென்டிமீட்டர்னு வச்சுக்குங்க. வித்தியாசம் 86. அதாவது ரெண்டரை மில்லி செகண்ட் தாமதம். ஸ்நேரோட சதை இருக்கிற இடம் 200 ஹெர்ட்ஸ் சுத்துவட்டாரம். 200 ஹெர்ட்ஸ்ல ஒரு முழு அலைக்கு 5 மில்லி செகண்ட். பாதி எவ்வளவு? ரெண்டரை. ஒரு மைக்குல அலை மேல ஏறும்போது இன்னொண்ணுல கீழ இறங்குது. கூட்டினா சதை போய் எலும்பு மட்டும் மிச்சம். அதைத்தான் நீங்க தகர டப்பாங்கிறீங்க.

சோதனை சுலபம். ஒவ்வொரு ட்ராக்லயும், இல்லன்னா ஒரு கெய்ன் ப்ளக்இன்ல (சாஃப்ட்வேர்ல சேத்துக்கிற சின்னக் கருவி), வட்டத்துக்குக் குறுக்க கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கும். பொலாரிட்டி. ஓவர்ஹெட் ரெண்டையும் ஒரே நேரத்துல திருப்பிக் கேளுங்க. ஸ்நேர் திரும்பி வருதான்னு சொல்லுங்க, மிச்சம் அப்புறம்.

குச்சிக்காரன்

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஸ்நேர் தோல் கடைசியா எப்ப மாத்தினது?

அரைத்தூக்கம்

ப்ரோ, எதுக்கு இவ்வளவு கணக்கு? ட்ரிகர் ப்ளக்இன் போட்டு ஸ்நேரை சாம்பிளால, அதாவது வேற ஸ்நேரோட ரெடிமேட் பதிவால, மாத்திட்டு அடுத்த வேலையைப் பாருங்க. இன்னிக்கு எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. அஞ்சு நிமிஷ வேலை.

குச்சிக்காரன்

அஞ்சு நிமிஷத்துல ஸ்நேரை மாத்திடலாம், ஒத்துக்கறேன். ஓவர்ஹெட்ல இருக்கிற பழைய ஸ்நேரை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? அது அப்படியே அடியில உக்காந்திருக்கும். சாம்பிளும் அதோட மோதி இன்னொரு ஃபேஸ் தகராறு. இதுல ரெண்டாவது சங்கதி, மெதுவா தட்டுற கோஸ்ட் நோட் எல்லாத்தையும் அந்த ப்ளக்இன் ஒண்ணு விட்டுடும், இல்லன்னா முழு பலத்துல அடிச்ச மாதிரி கொண்டுவந்து வைக்கும். ரோல் வாசிச்ச இடம் மெஷின்கன்னா கேக்கும். ஒரு டிரம்மரோட கை அந்த சின்னச் சின்ன தட்டுலதான் இருக்கு. அதை அழிச்சுட்டு 'லைவ் பேண்ட்'னு போட்டுக்கிட்டா எப்படி?

அடியில கொஞ்சமா கலக்கறதுக்கு சாம்பிள் நல்லதுதான். நானே பண்ணியிருக்கேன். முழுசா மாத்தறதுதான் எனக்குப் பிடிக்காது.

தோல் கேள்விக்கு இன்னும் பதில் வரல.

பழையடேப்பு

தம்பி, மூன்று வார மிக்ஸிங்கை ஒரு பக்கம் வையுங்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். மைக்கில் விழாததை எந்த ப்ளக்இன்னும் படைத்துத் தராது. மாஸ்டரிங் செய்பவர் கைக்குப் போவது இடமும் வலமுமாக இரண்டே சேனல். அதற்குள் கரைந்துபோன ஸ்நேரை அவர் எந்தக் கையால் எடுப்பார்?

நான் தொழில் பழகிய காலத்தில் எங்களிடம் இருந்தது நாலு ட்ராக் மட்டுமே. டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றையும் கலந்து ஒன்றில் போட்டுவிட்டால் பிறகு பிரிக்க வழி கிடையாது. ஆகவே சிவப்புப் பட்டனை அழுத்துவதற்கு முன்பே காதால் முடிவு செய்தாக வேண்டும். ஒரு நாள் முழுக்க மைக்கை நகர்த்திக்கொண்டிருப்போம், பதிவது இரண்டு மணி நேரம். இன்றைக்கு வரிசை தலைகீழ்.

குறைந்த கருவியில் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982ல் வெளியிட்ட நெப்ராஸ்கா, வீட்டில் நாலு ட்ராக் கேஸட் மெஷினில் மாதிரிக்காகப் பதிந்தது. பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் அந்தக் கேஸட்டையே ஆல்பமாக வெளியிட்டார்.

கேபிள்சுருட்டி

ஐயா சொல்ற உதாரணம் நல்ல உதாரணம்தான், ஆனா இங்க பொருந்தாது. அந்த ஆல்பத்துல டிரம் செட்டே கிடையாது. ஒரு ஆளு, பெரும்பாலும் ஒரு குரல், ஒரு கிட்டார், மவுத் ஆர்கன். மைக் ரெண்டு இருந்தாலே போதும். நாலுதந்தி மாட்டியிருக்கிறது டிரம்ஸ்ல. வீட்டுப் பதிவுல கஷ்டமான வாத்தியமே அதுதான், மத்ததெல்லாம் சமாளிச்சுடலாம்.

பழையடேப்பு

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் டிரம்ஸுக்கே ஒரு வழி சொல்கிறேன். கிளின் ஜான்ஸ் என்ற பொறியாளர், லெட் ஸெப்பலின் குழுவின் 1969 முதல் ஆல்பத்தைப் பதிந்தவர். அவர் பெயராலேயே வழங்குகிற முறை இது. ஒரு மைக் ஸ்நேருக்கு நேர் மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். இன்னொன்று ஃப்ளோர் டாமின் (தரையில் நிற்கும் பெரிய டிரம்) பக்கவாட்டில், ஹைஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) நோக்கியபடி தாழ்வாக. இரண்டும் ஸ்நேரின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரம். அளக்க டேப் வேண்டாம், ஒரு கயிறு போதும். ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் ஒருவர் விரலால் அழுத்திக்கொள்ள, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மைக்கையும் தொட்டுப் பாருங்கள். கயிறு எதில் தொய்கிறதோ அந்த மைக்கை நகர்த்துங்கள். ஸ்நேர் அடி இரண்டிலும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும், இடத்துக்கும் வலத்துக்கும் நடுவில் நிற்கும். கிக்குக்கும் ஸ்நேருக்கும் பக்கத்தில் வைக்கிற மைக்குகள் ஊறுகாய் மாதிரி, தொட்டுக்கொள்ள.

நாலுதந்தி

கேபிள்சுருட்டி அண்ணே, திருப்பிப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துப் போச்சு! மூணு வாரமா தேடின ஸ்நேர் ஒரே கிளிக்ல வந்து முன்னாடி நிக்குது. ஆனா அதே நொடியில கிக் சொத்தையாயிடுச்சு. ஒண்ணைக் குடுத்து ஒண்ணை வாங்கின மாதிரி. இது எதனால?

குச்சிக்காரன், தோல்... எங்க டிரம்மர் இந்த இழையைப் படிக்கிறான். பதில் சொல்லக் கூச்சப்படுறான்.

கேபிள்சுருட்டி

எதிர்பார்த்ததுதான். கிக்கோட அடிவயிறு 60 ஹெர்ட்ஸ் பக்கம். அங்க ஒரு அலை கிட்டத்தட்ட 17 மில்லி செகண்ட். ரெண்டரை மூணு மில்லி செகண்ட் தாமதம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல, கிக் மைக்கும் ஓவர்ஹெட்டும் ஏற்கனவே ஒத்துதான் போய்க்கிட்டிருந்துச்சு. நீங்க ஓவர்ஹெட்டைக் கவுத்ததும் அது கிக்குக்கு எதிரியாயிடுச்சு.

ஓவர்ஹெட்டைப் பழையபடி விட்டுடுங்க. அதுக்குப் பதிலா ஸ்நேர் மைக்கை மட்டும் திருப்புங்க. ஸ்நேருக்கும் ஓவர்ஹெட்டுக்கும் உள்ள உறவு மாறும், கிக் அதுபாட்டுக்கு இருக்கும். ஓவர்ஹெட்டை எப்பவும் அஸ்திவாரமா வைங்க, மத்த மைக் எல்லாம் அதுக்குப் பணிஞ்சு வரட்டும்.

சிலர் அலைவடிவத்தைப் பெருசாக்கிப் பார்த்து ஓவர்ஹெட்டை முன்னாடி நகர்த்தி ஒட்டவைப்பாங்க. பண்ணலாம். ஆனா ஸ்நேருக்கு ஒட்டினா கிக்குக்கு விலகும். அதுல இறங்கினா ராத்திரி முழுக்க உக்காந்திருக்கணும். எனக்குப் பொறுமை கிடையாது.

நாலுதந்தி

ஆச்சு. நாலு பாட்டுல வேலை செய்யுது. ரெண்டு பாட்டுல எதைத் திருப்பினாலும் சரியா வரல. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, அந்த ரெண்டையும் வேற நாள் பதிஞ்சோம். நடுவுல யாரோ ஓவர்ஹெட் ஸ்டாண்டை ஓரமா தள்ளி வச்சுட்டு, திரும்ப உத்தேசமா கொண்டுவந்து வச்சிருக்காங்க. யாரோ என்ன, நான்தான். ஒண்ணு சிம்பலுக்கு மேல ஒட்டிக்கிட்டு, ஒண்ணு எங்கயோ.

குச்சிக்காரன்

அந்த ரெண்டை மட்டும் திரும்பப் பதியுங்க. இந்தத் தடவை ஸ்டாண்டோட மூணு காலும் தரையில நிக்கிற இடத்துல டேப் ஒட்டிடுங்க. ஸ்டூலுக்கும் ஒட்டுங்க. கயிறையும் தூக்கிப் போடாம ஸ்டாண்டுலயே கட்டி வைங்க. ஃபோன்ல நாலு பக்கமும் படம் எடுத்து வச்சுக்குங்க.

டிரம்மர் தம்பிக்கு, கூச்சப்படாதீங்க, நாங்க எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். தோல் நடுவுல பள்ளம் விழுந்திருந்தா எத்தனை இறுக்கினாலும் ட்யூன் நிக்காது. புதுசு போட்டு, ஒவ்வொரு லக் (தோலை இறுக்குற திருகு) பக்கத்துலயும் விரல்நுனியால தட்டி ஒரே சுதி வர்ற வரைக்கும் திருகுங்க, எதிரெதிரா. அப்புறம் வாசிக்கிறதுல ஒரு விஷயம். சின்ன ரூம்ல சிம்பலைப் பாதி பலத்துல அடிங்க, ஸ்நேரை முழுசா அடிங்க. எல்லா மைக்குலயும் சிம்பல் வழியுது. வழிஞ்சதைப் பிற்பாடு யாராலயும் துடைக்க முடியாது. மேடைல வாசிக்கிற கை வேற, ரெக்கார்டிங் கை வேற. இது பழக எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

அரைத்தூக்கம்

கிளிக் (தாளத்துக்கு ஹெட்ஃபோன்ல வர்ற டிக் டிக்) போட்டு வாசிச்சீங்களா?

நாலுதந்தி

மூணு பாட்டு கிளிக்கோட, மூணு பாட்டு இல்லாம. கிளிக் போட்டா பாட்டு செத்துப்போகுதுன்னு கிட்டார்க்காரன் சண்டை போடுறான்.

பழையடேப்பு

இரண்டு பேரும் சரி. பல்லவியில் ஓரிரு பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி என்ற கணக்கு) ஏறுவது மனித இயல்பு, அதுதான் பாட்டை முன்னே தள்ளுகிறது. கிளிக்கிலும் அதை எழுதி வைக்கலாம்: சரணம் 96, பல்லவி 98. இதை ஏன் யாரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எட்டுக்கட்டை

எல்லாரும் டிரம்ஸையே கட்டிக்கிட்டு அழறீங்க. கேக்கிற ஆள் முதல்ல கேக்கிறது குரலை. வரி புரியலன்னு அவரே முதல் பதிவுல எழுதியிருக்கார், யாரும் திரும்பிப் பாக்கல.

நாலுதந்தி, உங்க பாடகிகிட்ட மூணு கேள்வி கேளுங்க. ரூம்ல எந்த இடத்துல நின்னாங்க? மைக்குக்கும் வாய்க்கும் எத்தனை தூரம்? ஹெட்ஃபோன்ல அவங்க குரல் தாமதமா கேட்டுச்சா?

நாலுதந்தி

கேட்டேன்க்கா. அலமாரி மூலைல, சுவத்தைப் பார்த்து. சுவத்துல ஃபோம் ஒட்டியிருந்தோம். தூரம் ஒரு விரற்கடை, பாட்டுக்குப் பாட்டு மாறும். ஹெட்ஃபோன்ல "எனக்கு நானே எதிரொலி மாதிரி இருந்துச்சு, சொன்னா நீ கேக்கல"ங்கிறாங்க. (வாங்கிக் கட்டிக்கிட்டேன்.)

எட்டுக்கட்டை

பாவம் அந்தப் பொண்ணு.

எதிரொலியைப் பாருங்க. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேத்து வச்சு அனுப்பற ஒலி அளவு) 512ல வச்சிருந்திருப்பீங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 48,000 சாம்பிள்ல (இங்க சாம்பிள்னா ஒலித் துளி), 512 சாம்பிள்னா 10 மில்லி செகண்டுக்கு மேல. அதுவும் உள்ள போகும்போது ஒரு தடவை, வெளிய வரும்போது ஒரு தடவை. இருபதைத் தாண்டிடும். தன் குரல் தனக்கே தள்ளிக் கேட்டா பாடறவங்க தன்னையறியாம இழுப்பாங்க, சுதி நடுங்கும். இன்டர்ஃபேஸ்ல (மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) டைரக்ட் மானிட்டர்னு ஒரு குமிழ் இருக்கும், அதைத் திருப்புங்க. கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சுத்தி வராம குரல் நேரா காதுக்கு வரும். டிஏடபிள்யூல (பதியற சாஃப்ட்வேர்) அந்த ட்ராக்கை மியூட் பண்ணிடணும், இல்லன்னா ரெண்டு தடவை கேக்கும். எனக்கு ஒரு காது ஹெட்ஃபோனுக்கு வெளிய இருந்தாதான் சுதி நிக்கும். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு, கேட்டுப் பாருங்க.

ரெண்டாவது, மூலை. ரூம்ல இருக்கிற எல்லா குமுறலும் வந்து கூடுற இடம் மூலைதான். அங்க போய் நிக்கவச்சுட்டு, டப்பாக் குரல்னு 300 ஹெர்ட்ஸை வெட்டிக்கிட்டு இருப்பீங்க. நாலு சென்டிமீட்டர் ஃபோம் மேல் சத்தத்தை மட்டும் உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ்ல ஒரு அலையோட நீளம் மூணரை மீட்டர் கிட்ட, அது ஃபோமைக் கண்டுக்காது. கீழ் சத்தம் எல்லாம் ரூம்ல, மேல் சத்தம் மட்டும் காணோம். மூக்கடைச்ச மாதிரி கேக்கும். ரூம் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி நிக்கவைங்க, முதுகுக்குப் பின்னாடி கனமான மெத்தை ஒண்ணை நிமிர்த்தி வைங்க. மைக் முன்னாடி பக்கம்தான் கேக்கும். அதனால அது பாக்கிற திசைல, அதாவது பாடறவங்க முதுகுப் பக்கம், என்ன இருக்குங்கிறதுதான் முக்கியம். முக்காவாசிப் பேர் மைக்குக்குப் பின்னாடி ஃபோமை ஒட்டிட்டு முதுகுப் பக்கம் வெறும் சுவரை விட்டுடறாங்க.

தூரம் ஒரு சாண். பாப் ஃபில்டரை (மைக் முன்னாடி வைக்கிற வலை) அந்த தூரத்துல வச்சுட்டா, அதுக்கு மேல நெருங்க முடியாது. விரற்கடை தூரத்துல பாடினா கார்டியாய்ட் மைக் (இப்படி முன்பக்கம் மட்டும் கேக்கிற வகை) அடிச்சத்தத்தை ஊதிப் பெருக்கிடும். ரேடியோ அறிவிப்பாளருக்கு அது அழகு. கிட்டாரும் பேஸும் இருக்கிற பாட்டுக்கு அது சேறு.

டேக் நாலோ அஞ்சோ போதும். இருபது எடுத்தா இருபதாவதுல சுத்தமா பாடியிருப்பாங்க, உணர்ச்சி ஓடிப் போயிருக்கும். ஒட்டும்போது வரி வரியா ஒட்டுங்க, எழுத்து எழுத்தா வெட்டாதீங்க. மூச்சு விடற சத்தத்தையும் அழிக்காதீங்க.

கேபிள்சுருட்டி

அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணுமில்ல. கார்ல பேஸ் குமுறல் மிச்சமிருக்கு. மிக்ஸ் பண்றப்ப நாற்காலி எங்க போட்டிருக்கீங்க, நாலுதந்தி?

நாலுதந்தி

ரூம் நடுவுல. ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டும்னு.

கேபிள்சுருட்டி

இடவலம் சமம், சரி. முன்பின் நடுவுல உக்காந்ததுதான் தப்பு. 4 மீட்டர் நீள ரூம் 43 ஹெர்ட்ஸ்ல ஆடும். அந்த அலை ரெண்டு சுவர்கிட்டயும் உச்சம், சரியா நடுவுல பூஜ்யம். உங்க பேஸோட கீழ் ஈ தந்தி என்ன ஹெர்ட்ஸ்? 41. நீங்க வாசிச்ச கீழ் சுரம் உங்க நாற்காலிக்கு மட்டும் வரவே இல்ல. பத்தலையேன்னு ஏத்தியிருக்கீங்க. கார்ல போய் மொத்தமா வெடிக்குது.

நாற்காலியை ஒரு 50 சென்டிமீட்டர் முன்னாடி நகர்த்துங்க. அப்புறம் பேஸ் ட்ராக்குல கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான கரகரப்பு) போடுங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல 41 ஹெர்ட்ஸ் வெளிய வராது, அதோட மேல ஹார்மோனிக்ஸ் (அதோட மடங்கு அலைகள்) இருந்தா காது கீழ் சுரத்தைத் தானா நிரப்பிக்கும்.

குறைச்ச சத்தத்துல மிக்ஸ் பண்ணுங்க. பக்கத்துல ஒருத்தர் சாதாரணமா பேசினா கேக்கிற அளவு. ஃப்ளெட்சர், மன்ஸன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே காட்டின விஷயம்: சத்தம் ஏறினா காதுக்குக் கீழும் மேலும் பெருசா தெரியும். சத்தமா வச்சா எந்த மிக்ஸும் அழகுதான். கிசுகிசு அளவுல குரலும் ஸ்நேரும் கேட்டா பாதி வேலை முடிஞ்சது. மோனோவுலயும் (இடவலம் ரெண்டையும் ஒண்ணாக்கி) ஒரு தடவை கேட்டுடுங்க.

அரைத்தூக்கம்

கடைசில மறக்காம -14 எல்யூஎஃப்எஸ்க்கு (பாட்டோட உரப்பை அளக்கிற அலகு) மாஸ்டர் பண்ணிடுங்க. ஸ்பாட்டிஃபை அதைத்தான் கேக்குது.

பழையடேப்பு

கேட்கவில்லை. இந்தத் தவறான புரிதல் எங்கே பிறந்தது என்று தெரியவில்லை, ஊரெங்கும் பரவிவிட்டது. உரப்பை அளக்கும் முறையை 2006ல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தது. அதை வைத்து ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010ல் தங்களுக்கு -23 என்று வைத்துக்கொண்டார்கள். ஸ்பாட்டிஃபை ஒலிக்கும்போது இயல்பாக -14க்குச் சமன் செய்கிறது, ஆப்பிள் -16க்கு, யூட்யூப் மிகையானதைக் குறைக்கிறது, குறைவானதை ஏற்றுவதில்லை. இவை எல்லாம் குமிழைத் திருப்புகிற வேலை. நீங்கள் அந்த எண்ணுக்குத் தயாரித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. -9ல் நன்றாக இருக்கிற பாட்டை அவர்கள் -14க்கு இறக்கினால் பாட்டு கெட்டுவிடாது. அதே நேரம் -6க்கு நசுக்கினாலும் லாபமில்லை, எல்லோருக்கும் சமமாகக் குறைத்துவிடுவார்கள், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

உங்கள் பாட்டுக்குப் பிடித்த இன்னொருவர் பாட்டை ஒரு ட்ராக்கில் போட்டு, இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். உச்சத்தை -1 டெசிபல் ட்ரூ பீக்கில் (அலையின் உண்மையான உச்ச அளவு) நிறுத்துங்கள். அவ்வளவே.

அரைத்தூக்கம்

சரி சார், வாபஸ்.

பின்வரிசை

சவுண்ட் பத்தி எனக்குப் பேசத் தெரியாது, எங்க பேண்டோட வெளியீட்டு வேலை எல்லாம் நான்தான் பாக்கிறேன். "யாரு கேக்கப்போறாங்க"ங்கிற கேள்விக்கு இன்னும் பதில் வரல, அதனால வர்றேன்.

முதல்ல அந்த அடுத்த மாசத் தேதியை விடுங்க. டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பற கம்பெனி) ஏத்தினதும் நாலு வாரம் தள்ளித் தேதி போடுங்க. ஸ்பாட்டிஃபைல எடிட்டர்களுக்குப் பாட்டை அனுப்ப, கலைஞர்களுக்கான அவங்க பக்கத்துல வழி இருக்கு. பாட்டு வெளிவர்றதுக்கு முன்னாடிதான் அனுப்ப முடியும், ஒரு நேரத்துல ஒரே பாட்டுதான். 7 நாள் முன்னாடியாவது அனுப்பினா, எடிட்டர் எடுக்கலன்னாலும், உங்களைப் பின்தொடர்றவங்களோட ரிலீஸ் ரேடார்ல (புதுப் பாட்டுக்கான பட்டியல்) அந்தப் பாட்டு வரும். வெள்ளிக்கிழமை ராத்திரி அவசரமா ஏத்தினா இது போச்சு. இந்த ஒரு காரணத்துக்காகவே ஆறையும் ஒண்ணா கொட்டாதீங்க. ஒரு பாட்டு, ஆறு வாரம், அடுத்த பாட்டு.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சினு 12 எழுத்து எண் ஒண்ணு வரும். தனிப்பாட்டா விட்டதைப் பிற்பாடு ஆல்பத்துல சேக்கும்போது அதே எண்ணைக் குடுங்க. புது எண் போட்டா பழைய கேட்பு எண்ணிக்கை சேராது. பேண்ட் பேரு எழுத்துக்கூட்டல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி. எங்க பாட்டு ஒண்ணு ஒரு எழுத்து பிசகி வேற யாரோ பக்கத்துல போய் உக்காந்துடுச்சு, மீட்டுக்கொண்டுவர ரெண்டு மாசம்.

30 செகண்ட் கேட்டாதான் ஒரு கேட்புன்னு எண்ணுவாங்க. 2024லேர்ந்து, ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 கேட்பைத் தொடலன்னா ஸ்பாட்டிஃபைல அந்தப் பாட்டுக்குப் பணமே கிடையாது. அதனால ஸ்ட்ரீமிங்ல வருமானம்னு கணக்கு போடாதீங்க, அது விலாசம் மாதிரி, தேடினா கிடைக்கணும், அதுக்குத்தான். பணம் வேணும்னா நேரா விக்கணும். பேண்ட்கேம்ப்ங்கிற விற்பனைத் தளத்துல டிஜிட்டலுக்கு 15 சதவீதம், பொருளுக்கு 10 சதவீதம் அவங்க எடுத்துக்கிட்டு, பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மிச்சம் உங்களுக்கு. சில வெள்ளிக்கிழமைகள்ல அந்தப் பங்கையும் விட்டுக்குடுக்கிறாங்க, 2020 மார்ச்ல ஆரம்பிச்ச பழக்கம். வாங்கினவங்க மின்னஞ்சல் முகவரியும் கைக்கு வரும். எங்ககிட்ட அப்படி 140 முகவரி இருக்கு. சிரிக்காதீங்க, கச்சேரின்னா அதுலேர்ந்துதான் ஆள் வருது.

இப்ப என் வயித்தெரிச்சல். "பத்தாயிரம் கேட்பு உறுதி"ன்னு ஒரு விளம்பர ஆளுங்க மெயில் போட்டாங்க. பேர் வேண்டாம். குடுத்தோம். ரெண்டு வாரத்துல எண் ஏறுச்சு, நாங்க கட்டிப்பிடிச்சுக் கொண்டாடினோம். அப்புறம் உத்துப் பாத்தா எல்லாக் கேட்பும் ஒரே ஊர்லேர்ந்து, எல்லாம் 31 செகண்ட், 32 செகண்ட். ஒருத்தர்கூடப் பின்தொடரல. அடுத்த மாசம் போலிக் கேட்புன்னு பாட்டையே எடுத்துட்டாங்க. எண்ணைத் திரும்பக் குறைச்சது கூட வலிக்கல. ரிலீஸ் ரேடார்லேர்ந்து உண்மையா கேட்டுக்கிட்டிருந்த முப்பது நாப்பது பேரும் சேர்ந்து போயிட்டாங்க, அதுதான்.

குச்சிக்காரன்

வெளியிடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. பாட்டு யாரோடது?

நாலுதந்தி

எங்களோடதுதான். நாலு பேரும் சேர்ந்து பண்ணோம்.

குச்சிக்காரன்

அப்படித்தான் நாங்களும் சொன்னோம். மூணு வருஷம் கழிச்சு ஒரு விளம்பரத்துக்கு எங்க பாட்டு ஒண்ணைக் கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே பாட்டு யாரோடதுன்னு சண்டை. டியூன் நான் போட்டதுங்கிறான் ஒருத்தன், வரி என்னுதுங்கிறான் இன்னொருத்தன், டிரம்ஸுக்கு எதுக்குப் பங்குன்னு என்னைக் கேட்டாங்க. விளம்பரமும் போச்சு, பேண்டும் போச்சு.

இதுல ரெண்டு சொத்து இருக்கு. ஒண்ணு படைப்பு, அதாவது மெட்டும் வரியும். இன்னொண்ணு பதிவு, நீங்க ரூம்ல உக்காந்து பதிஞ்ச அந்த ஒலி. ரெண்டுக்கும் பணம் வேற வேற வழியா வரும். ஒரு பாட்டுக்கு ஒரு தாள். ரெண்டுக்கும் தனித்தனியா யாருக்கு எத்தனை சதவீதம், கூட்டினா 100 வரணும், நாலு பேர் கையெழுத்து, தேதி. சண்டையில்லாத நாள்ல எழுதுங்க.

நாலுதந்தி

ஒரு நண்பர் மிக்ஸ் பண்ணித் தர்றேங்கிறார். காசு வேண்டாம், பத்து சதவீதம் குடுங்கறார். குடுக்கலாமா?

பழையடேப்பு

வேலைக்குக் கூலி கொடுத்துவிடுங்கள், தம்பி. ஸ்டீவ் ஆல்பினி நூற்றுக்கணக்கான ஆல்பங்களைப் பதிந்தவர், 2024ல் மறைந்தார். பதிவுக்கு ராயல்டி வாங்குவதில்லை என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். பாட்டு குழுவுடையது, தன்னுடையது கைவேலை என்பது அவர் கட்சி. எல்லோரும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் பங்கு கேட்கிறவர் படைப்பில் கேட்கிறாரா, பதிவில் கேட்கிறாரா என்றாவது கேளுங்கள். அவருக்கே தெரிந்திருக்காது.

நாலுதந்தி

ஐயா, கேட்டேன். தெரியல.

நாலுதந்தி

ஏழு வாரம் கழிச்சு வர்றேன், இழையைத் தொங்கல்ல விட்டதுக்கு மன்னிக்கணும்.

ரெண்டு பாட்டையும் திரும்பப் பதிஞ்சோம். கயிறு, டேப், எல்லாம். டிரம்ஸ் பதிவு ஒரு நாள், அதுல காலைலேர்ந்து மூணு மணி வரைக்கும் மைக் நகர்த்தினதுதான். பாட்டு ஆறையும் திரும்பப் பாடினாங்க, ரூம் நடுவுல, மெத்தையை நிமிர்த்தி வச்சு. தன் குரலைத் தாமதமில்லாம கேட்டதும் முதல் டேக்லயே பாடகி முகம் மாறிடுச்சு. ஆறுல நாலு பாட்டுக்கு முதல் டேக்கையே வச்சுக்கிட்டோம்.

நாற்காலியை நகர்த்தி உக்காந்து பழைய மிக்ஸைக் கேட்டேன். பேஸ் என்னை நாற்காலியோட தூக்குச்சு. வெக்கமா இருந்துச்சு.

மிக்ஸ் நானே பண்ணிட்டேன். நண்பர்கிட்ட ஒரு மத்தியானம் உக்காந்து கேக்கச் சொல்லி, அதுக்குக் கூலி குடுத்தேன். தாள்ல கையெழுத்து வாங்கினேன். கிட்டார்க்காரன் ஒரு பாட்டுல பத்து சதவீதம் அதிகம் கேட்டான், நியாயமாத்தான் இருந்துச்சு, குடுத்தோம்.

முதல் பாட்டு வெளிவந்து ஒன்பது நாள் ஆச்சு. எடிட்டர் யாரும் எடுக்கல. 212 கேட்பு. முகவரிப் பட்டியல்ல 19 பேர், அதுல என் அத்தை ஒருத்தங்க.

பின்வரிசை

19 நல்ல எண். அத்தையையும் எண்ணிக்குங்க, கச்சேரிக்கு வருவாங்க.

கேபிள்சுருட்டி

கேட்டேன். ஃபோன்லயே கேட்டேன். ஸ்நேர் இருக்கு. இரண்டாவது சரணத்துல ஹைஹாட் கொஞ்சம் தூக்கல், இப்ப தொடாதீங்க, அடுத்த பாட்டுல பாத்துக்கலாம்.

குச்சிக்காரன்

தோல்?

நாலுதந்தி

மாத்திட்டான். பழசை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தோம், நடுவுல ஓட்டை விழற நிலைமை. மூணு வருஷமாம்.